இரு புள்ளிகளும் பெஹாலாவும்

இரு புள்ளிகள் தரப்பட்டால் அவற்றின் வழியே செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் காணுதல் பத்தாம் வகுப்புக் கணக்கு. சாய்வைக் கண்டறிந்து, ஒரு புள்ளியைப் பொருத்தி, சுருக்கி எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். பள்ளிக் கணக்குகளில் இதைவிடத் தவறு நேர வாய்ப்புக் குறைந்தது வேறில்லை. ஆராய்ச்சி உலகில் இதைவிட அதிகமாகத் தவறிழைக்கப் பயன்படுவதும் வேறில்லை. இந்த முரணுக்கு விளக்கம் தேடுவோர் கொல்கத்தாவின் தென்மேற்கில் உள்ள பெஹாலாவிலிருந்து தொடங்கலாம்.

கல்கத்தா மாநகராட்சியின் மக்கள்தொகை 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 33.05 லட்சம், 1991இல் 44 லட்சம். ஆண்டைக் கிடையச்சிலும் மக்கள்தொகையை நிலையச்சிலும் வைத்தால் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். பத்தாண்டில் 10.95 லட்சம் கூடியிருக்கிறது. ஆகவே சாய்வு ஆண்டுக்கு 1.095 லட்சம். சமன்பாடு இது:

மக்கள்தொகை (லட்சத்தில்) = 33.05 + 1.095 × (ஆண்டு − 1981)

சரிபார்க்கலாம். ஆண்டு 1981 எனில் அடைப்புக்குறி பூச்சியமாகி 33.05 வருகிறது. 1991 எனில் 33.05உடன் 10.95 சேர்ந்து 44 வருகிறது. இரு புள்ளிகளும் கோட்டின்மேல் துல்லியமாக அமர்ந்துவிட்டன. தேர்வுத்தாளாக இருந்தால் இங்கே அடிக்கோடிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடலாம்.

இதே சமன்பாட்டில் 2001ஐ இட்டால் 54.95 லட்சம் வருகிறது. அவ்வாண்டு உண்மையில் எண்ணப்பட்டவர்கள் 45.73 லட்சம். 2011ஐ இட்டால் 65.9 லட்சம் வருகிறது. எண்ணப்பட்டவர்களோ 44.97 லட்சம். கோட்டின்மேல் வாழ்ந்து நகரத்தில் வாழாத மக்கள் ஏறத்தாழ இருபத்தொரு லட்சம் பேர். அவர்களுக்காகக் குடிநீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் பேருந்தும் திட்டமிட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. கழித்தல், வகுத்தல், பெருக்கல் மூன்றும் சரியே. பிழை எங்கே என்பதற்கான விடை கணக்கேட்டில் கிடையாது. நகராட்சி வரலாற்றில் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் கல்கத்தா மாநகராட்சிச் சட்டம் 1984 சனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை தனி நகராட்சிகளாக இருந்த ஜாதவ்பூர், கார்டன் ரீச், தெற்குப் புறநகர் ஆகிய மூன்றும் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. நூறாக இருந்த வட்டங்கள் நூற்று நாற்பத்தொன்றாயின. தெற்குப் புறநகர் நகராட்சி என்று ஏட்டில் வழங்கியதுதான் மக்கள் பேச்சில் பெஹாலா. ஆக, 1981இன் எண்ணில் பெஹாலா இல்லை; 1991இன் எண்ணில் பெஹாலா இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் கூடிய 10.95 லட்சத்தில் பெரும்பகுதியினர் புதிதாகப் பிறந்தவர்களும் அல்லர், குடிபெயர்ந்து வந்தவர்களும் அல்லர். அவர்கள் தத்தம் வீட்டிலேயே இருந்தார்கள். எல்லைக்கோடுதான் அவர்களைக் கடந்து சென்றது. ஒரே எல்லைக்குள் இரு ஆண்டுகளையும் ஒப்பிட்டால் வளர்ச்சி மிகச் சிறிதாகச் சுருங்கிவிடுகிறது.

இங்கே சாய்வு என்று கிடைத்த எண் மக்கள்தொகை வளர்ச்சியின் வீதம் அன்று. ஒரு நிர்வாக ஆணையின் பருமன். அதை ஆண்டுக்கு இவ்வளவு என்று பத்தாகப் பிரித்துப் பரப்பியது சூத்திரம். ஒரே நாளில் நடந்த ஒன்று ஒவ்வோர் ஆண்டும் நடப்பதாகத் தோற்றம் பெற்றுவிட்டது.

இப்பிழையை உணர்ந்த ஒருவர் 1981ஐ விட்டுவிட்டு, எல்லை மாறாத 1991, 2001 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். சாய்வு ஆண்டுக்கு 0.173 லட்சமாகக் குறைகிறது. 2011க்குக் கணிப்பு 47.46 லட்சம், உண்மை 44.97. இரண்டரை லட்சம் அளவுக்கு மீண்டும் தவறு. இம்முறை எல்லை மாறவில்லை, நகரம்தான் மாறிற்று. மையத்தில் வாழ்ந்தோர் புறநகர்களை நோக்கி நகர்ந்தனர். சரி, 2001ஐயும் 2011ஐயும் இணைத்தால்? சாய்வு எதிர்மம் ஆகிவிடுகிறது. அக்கோட்டை நீட்டினால் 2600ஐ ஒட்டிக் கொல்கத்தாவில் ஒருவரும் இருக்கமாட்டார். இந்த முடிவை எவரும் நம்பமாட்டார்கள். ஆனால் இதே முறையில் பெறப்பட்டு, முடிவு மட்டும் கேட்க நம்பத்தக்கதாக இருந்தால் அது ஆய்வேட்டில் இடம்பெற்றுவிடுகிறது. நம்பகத்தன்மை முறையிலிருந்து வராமல் விடையின் தோற்றத்திலிருந்து வருமானால் அங்கே கணிதத்துக்கு என்ன வேலை?

கருத்து இதுதான்: இரு புள்ளிகளால் ஒரு கோட்டைப் பெறலாம், அந்தக் கோடு சரியா என்பதை அவ்விரு புள்ளிகளால் ஒருபோதும் சொல்ல முடியாது. நேர்க்கோட்டுக்கு அறியப்படாதவை இரண்டு: சாய்வு ஒன்று, நிலையச்சை வெட்டும் இடம் மற்றொன்று. தரவுகள் இரண்டும் அவ்விரண்டைக் கண்டறிவதிலேயே செலவாகிவிடுகின்றன. சரிபார்ப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை. எனவே இரு புள்ளிகளின்மேல் கோடு துல்லியமாகப் பொருந்துவது கோட்டின் பெருமையன்று. வேறு எந்த இரண்டு எண்களைக் கொடுத்திருந்தாலும் இதே துல்லியத்துடன் வேறொரு கோடு பொருந்தியிருக்கும். பொய்யான இரு எண்களைக் கொடுத்தாலும் பொருந்தும். மூன்றாம் புள்ளி வந்த பிறகுதான் கோடு முதன்முறையாகச் சோதனைக்கு உள்ளாகிறது. மூன்றையும் தொடும்படி ஒரு வளைகோட்டை வரைந்துவிட்டால் சோதனை நான்காம் புள்ளிக்குத் தள்ளிப்போகிறதே தவிர நீங்கிவிடுவதில்லை.

மொழியியலாளருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். மொழி அழிவு பற்றிய எழுத்துகளைப் புரட்டியவர்கள் அக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். இரண்டு கணக்கெடுப்பு எண்களை எடுத்து, இடையே ஒரு கோடு இழுத்து, இன்ன ஆண்டில் இம்மொழி அழியும் என்று சொல்வது மேடைப்பேச்சில் மட்டும் நிகழ்வதன்று. இந்த வழக்கம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதைக் காட்ட இந்தியக் கணக்கெடுப்பிலேயே ஒரு வரிசை இருக்கிறது. சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 1981இல் 6,106 பேர், 1991இல் 49,736, 2001இல் 14,135, 2011இல் 24,821.

1991இல் ஒருவர் அமர்ந்து முதலிரு புள்ளிகளை இணைத்திருந்தால் சாய்வு ஆண்டுக்கு 4,363 பேர். 2001இல் 93,366 பேர் இருப்பார்கள் என்று கணித்து, மறுமலர்ச்சி என்று தலைப்பிட்டிருப்பார். 2001இல் மற்றொருவர் அடுத்த இரு புள்ளிகளை இணைத்திருந்தால் ஆண்டுக்கு 3,560 பேர் குறைகிறார்கள். 2005க்குள் கடைசிப் பேச்சாளரும் மறைந்துவிடுவார் என்று எழுதியிருப்பார். அவருடைய சமன்பாட்டில் 2011ஐ இட்டால் −21,466 பேர் என்று வருகிறது. குறை எண்ணிக்கையில் பேச்சாளர்களைக் கொண்ட மொழி உலகில் இதுவரை பதிவாகவில்லை. மறுமலர்ச்சியை முழங்கியவரும் இரங்கற்பா பாடியவரும் ஒரே சூத்திரத்தைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். இருவருடைய கணக்கும் சரி.

பெஹாலாவின் எடுத்துக்காட்டில் நகர்ந்தது நிலத்தின் எல்லை. இங்கே நகர்வது சொல்லின் எல்லை. கணக்கெடுப்பாளர் பதிவது வீட்டில் எம்மொழி பேசப்படுகிறது என்பதை அன்று. தம் தாய்மொழி எது என்று குடும்பத்தார் சொல்வதை. அச்சொல் பற்றினாலும் பெருமையினாலும் அவ்வப்போதைய அரசியல் சூழலினாலும் அசையும். ஆறாயிரத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கு ஏறிப் பத்தாண்டில் பதினான்காயிரத்துக்கு இறங்கியவை குழந்தைகளின் பிறப்பும் முதியோரின் இறப்பும் அல்ல என்பது வெளிப்படை. இந்தி என்ற தலைப்பின்கீழ் போஜ்புரி, ராஜஸ்தானி உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் தொகுக்கப்பட்டுள்ளன. 2011இல் போஜ்புரி மட்டும் ஐந்து கோடிக்கு மேல். நாளை அதற்குத் தனித் தலைப்பு கிடைத்தால் இந்தியின் புள்ளி கீழே இறங்கும்; ஒருவர்கூடத் தம் மொழியை மாற்றியிருக்கமாட்டார். பத்தாயிரத்துக்குக் குறைவானோர் பேசும் தாய்மொழிகள் 1971 முதல் தனித்துப் பட்டியலிடப்படுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பத்தாயிரத்தை ஒட்டிய ஒரு சிறு மொழிக்கு ஒரு கணக்கெடுப்பில் புள்ளி இருக்கும், அடுத்ததில் இராது. இல்லாத புள்ளியைப் பூச்சியம் என்று கொண்டு கோடு வரைந்தால் அம்மொழியை ஆய்வாளரே கொன்றவராகிறார்.

இதற்கு நேரெதிரான திசையிலும், அதாவது இறந்தகாலத்தை நோக்கியும், மொழியியல் ஒரு கோட்டை நீட்டியதுண்டு. மாரிஸ் சுவாடெஷ் 1950களில் முன்வைத்த மொழிக்காலக் கணிப்பு முறையில், அடிப்படைச் சொற்பட்டியலில் ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 86 விழுக்காடு சொற்கள் எஞ்சும் என்பது மாறிலி. எஞ்சும் சொற்களின் விகிதத்துக்கு மடக்கை எடுத்தால் காலத்தோடு அது நேர்க்கோடாகிவிடும். எல்லா மொழிகளுக்கும் ஒரே சாய்வு. இரு மொழிகளுக்கிடையே பொதுச்சொற்களை எண்ணினால் அவை பிரிந்த காலம் கோட்டிலிருந்து கிடைத்துவிடும். ஆந்திரனோவ் 1964இல் திராவிட மொழிகளுக்கும் இதைப் பயன்படுத்தினார். ஆனால் 1962லேயே பெர்க்ஸ்லாண்டும் ஃபோக்டும் ஐஸ்லாந்து மொழியை எதிர்ச்சான்றாக வைத்துவிட்டனர். எழுத்துச் சான்றுள்ள ஆயிரம் ஆண்டில் அம்மொழி இழந்த அடிப்படைச் சொற்கள் மிகச் சில. அதனோடு உடன்பிறந்த நார்வே மொழி இழந்தவை பல. சாய்வு ஒன்றன்று, மொழிக்கு மொழி வேறு என்றானபின் கோட்டின் மறுமுனையில் இருந்த ஆண்டுகள் காற்றில் தொங்கின. அவ்வாண்டுகளை இன்றும் மேற்கோள் காட்டும் தமிழ்க் கட்டுரைகள் உண்டு என்பது வருத்தத்துக்குரியது.

தமிழில் சாய்வு என்ற சொல்லுக்குக் கோட்டின் சரிவு என்றும் ஒருபக்கம் சார்தல் என்றும் இரு பொருள் இருப்பது தற்செயல்தான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதைப் படித்திறன் என்றும், தமிழ்நாட்டார் ஆயத்தொலை என்பதை ஆள்கூறு என்றும் வழங்குகின்றன. பெஹாலாவின் வங்க வழிப் பள்ளி மாணவருக்கு நேர்க்கோடு சரளரேகை, சமன்பாடு சமீகரணம். சொற்கள் இப்படி வேறுபட்டாலும் வினாவின் அமைப்பு எங்கும் ஒன்றே: இரண்டு புள்ளிகள் வானத்திலிருந்து விழுகின்றன, அவை எதன் புள்ளிகள், யார் அளந்தது, எதைக் கொண்டு அளந்தது என்ற பேச்சே இல்லை. எக்ஸ், ஒய் என்ற எழுத்துகள் அந்தக் கேள்விகளைத் துடைத்துவிடுகின்றன. மேலே கொல்கத்தாவுக்கு எழுதிய சமன்பாட்டில் ஒய்க்குப் பதிலாக மக்கள்தொகை என்ற சொல்லே நின்றதால்தான், எந்த எல்லைக்குள் வாழும் மக்கள் என்ற ஐயம் எழ முடிந்தது.

இவ்விடத்தில் கணித ஆசிரியர்கள் நியாயமான ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். வடிவியலில் புள்ளி என்பது அளவீடு அன்று; பிழையற்ற, பருமனற்ற ஒன்று. இரு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்க்கோடுதான் செல்லும் என்பது அங்கே ஐயத்துக்கு இடமற்றது. பத்தாம் வகுப்பு மாணவரிடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிக்கல்களைக் கொட்டினால் அவர் சாய்வையும் கற்கமாட்டார், சிக்கலையும் கற்கமாட்டார். இது உண்மையே. குறை வடிவியலைக் கற்பிப்பதில் இல்லை. வடிவியலின் புள்ளி முடிந்து அளவீட்டின் புள்ளி தொடங்கும் இடத்தை எந்த வகுப்பும் காட்டுவதில்லை என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணித நூலில் ஆயத்தொலை வடிவியல் ஐந்தாம் இயல். புள்ளியியலும் நிகழ்தகவும் எட்டாம் இயல். இடையில் இரண்டு இயல்கள்தாம். இரண்டையும் இணைக்கும் ஒரு பயிற்சி வினா இருந்தால் போதும். இல்லாத நிலையில், ஐந்தாம் இயலோடு கோட்டை முடித்துக்கொண்டு மானுடவியலுக்கோ மொழியியலுக்கோ வரும் மாணவர், முனைவர் பட்டத்தின்போது அதே சூத்திரத்தை எடுத்து மனிதர்கள்மீது இழுக்கிறார். குடிமைப் பொறியியல் மாணவருக்கு இதே நேர்க்கோட்டு நீட்சி எண்கணித அதிகரிப்பு முறை என்ற பெயரில் குடிநீர்த் திட்டத்துக்காகக் கற்பிக்கப்படுகிறது. அங்கேனும் பிற முறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். மொழி ஆய்வில் அந்த எச்சரிக்கையும் இல்லை.

அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து, அங்கிருந்து முக்கோணங்களைக் கட்டிக்கொண்டே மேற்கே சென்றார். பெங்களூரை அடைந்தபோது அங்குள்ள ஒரு தூரத்தைக் கணக்கிட்டே அறிந்துகொண்டிருக்கலாம். கணக்கு அவர் கையில் இருந்தது. ஆனாலும் 1804இல் அத்தூரத்தை மீண்டும் தரையில் சங்கிலியிட்டு அளக்கச் செய்தார். கணக்குக்கும் தரைக்கும் இடையே சில அங்குலங்களே வேறுபாடு. அந்தச் சில அங்குலங்களை அறிவதற்காக அவ்வளவு உழைப்பு. கொல்கத்தாவின் வடக்கே பாரக்பூர் சாலையோரம் 1831–32இல் எவரெஸ்ட் அளந்த அடிக்கோட்டின் இரு முனைக் கோபுரங்களும் இன்றும் நிற்கின்றன. அவரும் இரு முனைகளை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. பெருவில்லின் வட முனையில் டேராடூன் அருகே மற்றோர் அடிக்கோட்டை அளந்து ஒப்பிட்டார்.

அதே பாரக்பூர் சாலையில்தான் பின்னாளில் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அமைந்தது. 1931இல் அது தொடங்கியது மாநிலக் கல்லூரியின் ஓர் அறையில். அதற்கும் முன்பு, 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது, எனவே கரைகளை உயர்த்தவேண்டும் என்று பொறியாளர் குழு முடிவுசெய்தது. அன்று ஒரு நிலை, இன்று ஒரு நிலை. இடையே ஏறுமுகமான ஒரு கோடு. மகலனோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். படுகை உயரவில்லை என்பதே அவர் கண்டது. கரையை உயர்த்துவதற்கு மாற்றாக ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவதை அவர் முன்மொழிந்தார். புள்ளிகள் பலவாகும்போது எல்லாவற்றையும் தொடும் நேர்க்கோடு கிடைக்காது. விலகல்களின் வர்க்கக் கூடுதல் மிகக் குறைவாக இருக்கும் கோட்டைத் தேடவேண்டும். லெழாந்தர் 1805இல் அச்சிட்ட முறை இது. இம்முறையின் சிறப்பு அது தரும் கோட்டில் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையும் அது சேர்த்தே தருகிறது. இரு புள்ளிக் கணக்கு மறைத்துவைப்பது இந்த விலகலைத்தான்.

ஆகவே கோரிக்கைகள் பெரியவை அல்ல. பள்ளித் தேர்வில் இரு புள்ளிகளுக்குச் சமன்பாடு கேட்டபின், மூன்றாம் புள்ளி ஒன்றைக் கொடுத்து அது கோட்டின்மேல் உள்ளதா, இல்லையெனில் எவ்வளவு விலகியுள்ளது என்று கேட்கலாம். கூடுதலாக இரண்டு வரி எழுதினால் முடிந்துவிடும். ஆய்வேடுகளில் இரண்டே கணக்கெடுப்புகளைக் கொண்டு எதிர்காலம் கூறப்பட்டிருந்தால், அவ்விரண்டிலும் நில எல்லையும் மொழித் தலைப்பின் எல்லையும் ஒன்றாக இருந்தனவா என்பதை எழுதும்படி நெறியாளர் வற்புறுத்தலாம். இருந்தன என்று காட்ட முடியாதவர் எதிர்காலம் பற்றிய பத்தியை நீக்கிவிடலாம். ஆய்வேடு அதனால் மெலிந்துவிடாது.

இக்கோரிக்கைக்கு இப்போது அவசரமும் உண்டு. 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகையால் இந்த நூற்றாண்டின் இந்திய மொழிகளைப் பற்றி எழுதுவோர் அனைவரிடமும் உள்ளவை 2001, 2011 என்ற அதே இரண்டு புள்ளிகள். கடந்த பல ஆண்டுகளாக வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை இவ்விரண்டை நீட்டியவையே, தமிழுக்கு 6.08 கோடியிலிருந்து 6.90 கோடி, உருதுக்கு 5.15 கோடியிலிருந்து 5.08 கோடி என்று. முன்னதைக் கொண்டு ஆறுதலும் பின்னதைக் கொண்டு அச்சமும் எழுதப்பட்டுவிட்டன. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புநாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் மொழி அட்டவணைகள் வெளியாகும்போது பலருடைய கோடுகள் முதன்முறையாகச் சோதிக்கப்படும்.

கொல்கத்தா மாநகராட்சியைப் பொறுத்தவரை அந்தப் புதிய புள்ளியையும் பழையவற்றோடு அப்படியே இணைக்க இயலாது. பெஹாலாவுக்குத் தெற்கே, இன்று மெட்ரோ பாதையின் கடைசி நிலையம் உள்ள ஜோக்கா 2012இல் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. வட்டங்கள் 144 ஆயின. ஜோக்காவின் மக்கள் 2011இன் எண்ணில் இல்லை. 2027இன் எண்ணில் இருப்பார்கள்.